கல்லூரி விளையாட்டில் பிரிவு மாற்றமும் அதை ஆராயும் விமர்சகர்களும்: நீலகிரியை முன்வைத்து

கல்லூரி விளையாட்டில் எந்த அணி எந்த அணியோடு மோத வேண்டும் என்பதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒரு நிர்வாக முடிவு தீர்மானித்துவிடுகிறது. அமெரிக்காவில் அந்த முடிவை எடுப்பவை 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் கூட்டமைப்புகள். தமிழ்நாட்டில் அதைத் தீர்மானிப்பது கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது என்பது. அமெரிக்கக் கூட்டமைப்புகள் கலைந்து சேர்வதைப் பற்றி எழுதவும் பேசவும் ஒரு பெரிய விமர்சகர் கூட்டமே இருக்கிறது. தமிழ்நாட்டில் கடந்த அறுபது ஆண்டுகளில் அதே அளவுக்குக் கலைப்பும் சேர்ப்பும் நடந்தும், அது விளையாட்டுச் செய்தியாகக் கருதப்படவில்லை. இதன் விளைவைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய மாவட்டம் நீலகிரி.

அமெரிக்கக் கூட்டமைப்புகள் கலைந்த கதை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அருகிலுள்ள பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து கூட்டமைப்புகளை உருவாக்கின. நடுமேற்கு மாநிலங்களின் 'பிக் டென்' 1896இல் தோன்றியது. மேற்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு 1915இல் தொடங்கி, பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு 'பேக்-12' ஆனது. ரயிலில் சென்று ஆடிவிட்டுத் திரும்பக்கூடிய தூரமே அன்றைய எல்லை.

இந்த எல்லையை உடைத்தது தொலைக்காட்சி. கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் ஒளிபரப்பு உரிமை முழுவதும் தேசிய விளையாட்டுச் சங்கத்தின் கையில் இருப்பது செல்லாது என்று 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் கூட்டமைப்புகள் தாங்களே உரிமையை விற்கத் தொடங்கின. எத்தனை பெரிய நகரங்களின் பார்வையாளர்கள் தன்னிடம் இருக்கிறார்கள் என்பதே ஒரு கூட்டமைப்பின் மதிப்பாயிற்று.

2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இரு பெரிய பல்கலைக்கழகங்களும் பேக்-12ஐ விட்டு பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த சில வாரங்களில் பிக் டென் ஏழாண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒளிபரப்பு ஒப்பந்தத்தை அறிவித்தது. 2023 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான சில வாரங்களில் மேலும் எட்டுப் பல்கலைக்கழகங்கள் பேக்-12ஐ விட்டு விலகின. எஞ்சியவை ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் மட்டுமே. பசிபிக் கடற்கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு, 'அட்லாண்டிக் கடற்கரை' என்று பெயர் கொண்ட கூட்டமைப்பில் சேர்ந்தது.

விமர்சகர்கள் எண்ணியதும் எண்ணாததும்

இந்த மாற்றங்களை ஆராய்ந்த எழுத்தை இரு போக்குகளாகப் பிரிக்கலாம். முதலாவது, பேரத்தைப் பின்தொடர்வது. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்கள் வெளியேறவிருக்கும் செய்தியை முதலில் வெளியிட்ட ஜான் வில்னர் இவ்வகையில் முக்கியமானவர். எந்தப் பல்கலைக்கழகம் எங்கே போகும், அதன் சந்தை மதிப்பு என்ன, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பவை இந்த எழுத்தின் கேள்விகள். பல்கலைக்கழக நிர்வாகங்கள் சொல்ல மறுத்த பலவற்றை இது வெளியே கொண்டுவந்தது.

இரண்டாவது, உழைப்பையும் பணத்தையும் பற்றிக் கேட்பது. வரலாற்றாசிரியர் டெய்லர் பிராஞ்ச் 2011 அக்டோபரில் அட்லாண்டிக் இதழில் எழுதிய நீண்ட கட்டுரை இதற்கு எடுத்துக்காட்டு. கோடிக்கணக்கில் பணம் புழங்கும் விளையாட்டில் ஆடுபவருக்கு ஊதியம் இல்லை என்பதை அவர் முதன்மைப் பிரச்சினையாக முன்வைத்தார்.

இரு போக்குகளும் வலிமையானவை. ஆனால் இரண்டின் நடுவிலும் கால்பந்து வீரர்தான் இருந்தார். கூட்டமைப்பு மாறும்போது கைப்பந்து, சாஃப்ட்பால், நீச்சல் அணிகளும் கூடவே மாறுகின்றன. இவற்றால் பெரிய ஒளிபரப்பு வருமானம் இல்லை. ஆட்டங்களோ கால்பந்தைவிட அதிகம், வார நாள்களிலும் நடக்கும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூ ஜெர்சிக்குச் சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து ஆடிவிட்டு மறுநாள் வகுப்புக்குத் திரும்ப வேண்டியவர் இந்த மாணவி. அவருடைய பயணம் விவாதத்தில் முக்கிய இடம் பெற்றது பெரும்பாலும் முடிவுகள் எடுக்கப்பட்ட பிறகுதான். கால்பந்தைத் தனியாகப் பிரித்து, மற்ற விளையாட்டுகளைப் பழைய வட்டாரங்களுக்கே திருப்பலாம் என்ற யோசனையும் அதன்பிறகே வலுப்பெற்றது.

ஒரு பிரிவு மாற்றத்தை எடைபோட இரு எளிய கேள்விகள் போதும்: ஆடுபவர் யாரைச் சந்திக்கிறார்? அதற்காக எவ்வளவு தூரம் போகிறார்? அமெரிக்க விமர்சகர்கள் இவற்றைத் தாமதமாகக் கேட்டார்கள்.

இந்தியாவில் இதே கேள்வி

யாரோடு யார் ஆடுவது என்ற விவாதம் இந்தியாவுக்குப் புதிதல்ல. சென்னையில் 1915 முதல் பொங்கலை ஒட்டி நடந்த பிரசிடென்சி ஆட்டத்தில் ஒருபுறம் ஐரோப்பியர், மறுபுறம் இந்தியர். பம்பாயில் அணிகள் மத அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்தன. 1937இல் ஐந்தாவது அணி சேர்ந்ததும் அது 'பென்டாங்குலர்' ஆனது. காந்தி 1940இல் அதை எதிர்த்துக் கருத்துச் சொன்னார். 1946க்குப் பிறகு அது நின்றது. அன்று பத்திரிகைகளில் நடந்த விவாதம், ஆடுகளத்தில் ஒரு சமூகம் தன்னை எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்பதைப் பற்றியது. பணம் அதில் முதன்மையாக இல்லை.

மதத்துக்குப் பதில் நிலப்பரப்பை அடிப்படையாக்கியது ரஞ்சிக் கோப்பை. அதன் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்து ஒரே நாளில் முடிந்தது. மண்டல முறை 2001-02 வரை நீடித்தது. 2002-03இல் வலுவான அணிகள் 'எலைட்' என்றும் மற்றவை 'பிளேட்' என்றும் பிரிக்கப்பட்டன. அதனால் தமிழ்நாடு-கர்நாடகம் ஆட்டம் ஆண்டுதோறும் நடக்கும் என்ற உறுதி போய்விட்டது. துலீப் கோப்பையில் 2024இல் மண்டல அணிகள் நீக்கப்பட்டு, 2025இல் திரும்பக் கொண்டுவரப்பட்டன. இவை எல்லாவற்றையும் பற்றி நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் வாதங்கள் நடந்தன. ஆகவே இந்திய விளையாட்டு விமர்சனத்துக்குப் பிரிவு மாற்றத்தைப் பேசத் தெரியாமல் இல்லை. கிரிக்கெட்டுக்கு வெளியே, அதிலும் கல்லூரி விளையாட்டில், அது பேசுவதில்லை என்பதுதான் குறை.

பல்கலைக்கழகம் பிரியும்போது போட்டியும் பிரிகிறது

தமிழ்நாட்டில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, ஒரே பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கு இடையே நடப்பது. மாணவர்கள் 'இன்டர் காலேஜ்' என்று சொல்வது இதைத்தான். இங்கே சிறப்பாக ஆடுபவர்கள் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகிறார்கள். அந்த அணி, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகிறது. அதில் முன்னிலை பெறும் அணிகள் அகில இந்திய அளவுக்குச் செல்கின்றன.

ஆகவே புதிய பல்கலைக்கழகம் ஒன்று உருவாகும் ஒவ்வொரு முறையும் கல்லூரி விளையாட்டின் வரைபடமும் திருத்தப்படுகிறது. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பரப்பிலிருந்து 1966இல் மதுரை பிரிந்தது. 1982இல் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகமும் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் உருவாயின. 1990இல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார், 1997இல் சேலத்தில் பெரியார், 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகங்கள் வந்தன. இவை வட்டார அடிப்படையில் நடந்த பிரிவுகள். கோவை மாணவர் சென்னைக்குப் போய் ஆட வேண்டியிருந்த தூரத்தை இவை குறைத்தன.

இன்னொரு வகைப் பிரிவு பாட அடிப்படையில் நடந்தது. மருத்துவக் கல்லூரிகள் 1980களின் இறுதியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. பொறியியல் கல்லூரிகள் 2001 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. 2007இல் அண்ணா பல்கலைக்கழகம் கோவை, திருச்சி, திருநெல்வேலி எனப் பிரிக்கப்பட்டு, 2012இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. கோவை வட்டாரப் பொறியியல் கல்லூரி ஒன்று சுமார் பத்தாண்டுகளுக்குள் பாரதியார், அண்ணா, கோவை அண்ணா, மீண்டும் அண்ணா என்று மூன்று முறை இடம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதன் கைப்பந்து அணி சந்திக்கும் எதிரணிகளும் மாறின. இதை அமெரிக்கப் பத்திரிகைகள் ஒரு பருவம் முழுக்க எழுதித் தீர்த்திருக்கும். இங்கே அது உயர்கல்வித் துறையின் செய்தியாக வந்து போனது.

இரு நாடுகளுக்கும் உள்ள வேறுபாடு குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் விளையாட்டு இடம் மாறுகிறது. படிப்பும் பட்டமும் அப்படியே இருக்கின்றன. தமிழ்நாட்டில் பட்டம் தரும் இடம் மாறுகிறது. விளையாட்டு அதன் பின்னால் போகிறது. அங்கே முடிவுக்குக் காரணம் பணம் என்பதால் அதைக் கண்காணிக்க ஆள் இருக்கிறது. இங்கே முடிவில் விளையாட்டு ஒரு காரணமாகக்கூட இல்லை என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

ஒரே மலையில் நான்கு ஏணிகள்

நீலகிரியின் கல்லூரிகள் எண்ணிக்கையில் குறைவு. ஊட்டி அரசு கலைக் கல்லூரி, ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா வளாகத்தில் 1955இல் தொடங்கியது. குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி 1966இல் வந்தது. இவை இரண்டும் பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே கேத்தியில் உள்ள சிஎஸ்ஐ பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 2021-22 கல்வியாண்டில் மாணவர் சேர்க்கையைத் தொடங்கிய ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. 1980இல் தொடங்கிய ஊட்டி ஜேஎஸ்எஸ் மருந்தாளுமைக் கல்லூரி, கர்நாடகத்தின் மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்டு 2008இல் நிகர்நிலைத் தகுதி பெற்ற பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி.

ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே இருப்பது இருபது கிலோமீட்டருக்கும் குறைவான சாலை. அந்தச் சாலையை ஒட்டிய கல்லூரிகள் நான்கு வெவ்வேறு போட்டி ஏணிகளில் நிற்கின்றன. பல்கலைக்கழகப் போட்டிகளில் ஊட்டி கலைக் கல்லூரி அணி கேத்தி பொறியியல் கல்லூரியைச் சந்திக்காது. மருத்துவக் கல்லூரியையும் சந்திக்காது. மருந்தாளுமைக் கல்லூரி மாணவர் மைசூருப் பல்கலைக்கழகத்தின் அணியிலும், அவருடைய பக்கத்துத் தெருக்காரர் பாரதியார் அணியிலும் தேர்வானால், இருவரும் எதிரெதிரே நிற்க முதல் வாய்ப்பு தென்மண்டலப் போட்டியில்தான் வரும். அண்டை வீட்டார் மோதுவதற்கு ஐந்து மாநிலங்களும் புதுச்சேரியும் சேர்ந்த மண்டலம் தேவைப்படுகிறது.

தூரத்தின் கணக்கும் இங்கே வேறு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், கோவை சுமார் 400 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடையே உள்ள சாலை சுமார் 85 கிலோமீட்டர்தான். ஆனால் மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும்; பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. காலை ஆட்டத்துக்கு விடியும் முன் கிளம்ப வேண்டும், அல்லது முந்தைய இரவே போய்த் தங்க வேண்டும். மைசூரு செல்லும் சாலை பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் வழியே போகிறது. அங்கே 2009 முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. மாலை ஆட்டம் நீண்டுவிட்டால் அன்றிரவு வீடு திரும்ப முடியாது.

மழையும் சேர்கிறது. கூடலூர், பந்தலூர் பகுதிகள் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பகுதிகள் வடகிழக்குப் பருவமழையிலும் அதிகம் நனைபவை. இந்த இரு பருவமழைக் காலங்களில் எப்போது போட்டி வைத்தாலும் மாவட்டத்தின் ஏதாவது ஒரு பக்கத்துக்கு மண்சரிவு அபாயம் இருக்கும்.

இந்தச் சுமை எல்லார் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968இல் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அப்படிப்பட்ட தோட்டத்தின் லயன் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவி, முதலில் தோட்டத்திலிருந்து பேருந்துச் சாலைக்கு வர வேண்டும். அதன்பிறகுதான் மலை இறங்கும் பயணம் தொடங்குகிறது. இரவு தங்க வீட்டில் அனுமதி கேட்க வேண்டும். ஒரு நாள் ஆட்டத்துக்கு இரண்டு நாள் வகுப்பு போகும். திறமை இருந்தும் இரண்டாம் ஆண்டில் அணியை விட்டு விலகுவதற்கு இவ்வளவு காரணம் போதும்.

சான்றிதழின் மதிப்பு

ஆட்டத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் இதைச் சிறு சிரமம் என்று விட்டுவிடலாம். ஆனால் பல்கலைக்கழக அணியில் இடம் பெறுவது வேலைவாய்ப்போடு இணைந்தது. மத்திய அரசுப் பணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் பன்னாட்டுப் போட்டிக்கு ஒன்றாம் படிவம், தேசியப் போட்டிக்கு இரண்டாம் படிவம், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு மூன்றாம் படிவம் என்று சான்றிதழ்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் மட்டும் ஆடியவருக்கு இந்த வரிசையில் இடமில்லை. பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடியிருக்க வேண்டும்.

அந்த இடத்துக்கான போட்டி எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் சமமல்ல. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளைக் கொண்டது பாரதியார் பல்கலைக்கழகம். கோவையின் பெரிய கல்லூரிகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் தமிழகம் முழுவதிலுமிருந்து வீரர்களைச் சேர்ப்பவை. விடுதியும் தனிப் பயிற்சியாளரும் உள்ளவை. மலையிலிருந்து இறங்கும் சிறு கல்லூரி அணி முதல் சுற்றிலேயே இவற்றில் ஒன்றைச் சந்தித்துத் தோற்றால், அந்த ஆண்டின் ஆட்டம் அதோடு முடிந்தது. மாறாக, சில உறுப்புக் கல்லூரிகளே உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அணிக்குள் நுழைவதற்கான கூட்டம் குறைவு. ஒரே ஊரில் ஒரே திறமையோடு இருக்கும் இருவரின் வாய்ப்பு, அவர்கள் எடுத்த பாடத்தைப் பொறுத்து மாறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி தேடும் மாணவரிடம் இதை யாரும் சொல்வதில்லை.

எதிர்வாதமும் மாற்றும்

இணைப்பு முறைக்குத் தகுந்த காரணம் உண்டு. பல்கலைக்கழக அணியை அதன் சொந்த மாணவர்களிலிருந்துதான் தேர்வு செய்ய முடியும். தேர்வுக்கு ஒரு போட்டி வேண்டும். ஆகவே இணைப்புக் கல்லூரிகளைக் கூட்டி ஆட வைப்பது இயல்பானது. பெரிய கல்லூரிகளோடு மோதுவதால் சிறு கல்லூரி மாணவர் தம் தரத்தை அறிந்துகொள்கிறார் என்பதும் உண்மை.

இங்கே கலந்துகிடப்பவை இரண்டு வேலைகள். ஒன்று, அணியைத் தேர்வு செய்வது. மற்றது, மாணவர்களுக்குப் போதிய ஆட்டங்களைத் தருவது. முதல் வேலைக்குப் பல்கலைக்கழகம் தேவை. இரண்டாவதற்குத் தேவை இல்லை. ஆண்டுக்கு ஓரிரு ஆட்டம் மட்டும் ஆடும் அணி வளராது. பத்து ஆட்டம் ஆடிவிட்டுக் கோவைக்கு இறங்கும் அணி முதல் சுற்றில் தோற்றாலும் ஒரு பருவத்தை ஆடி முடித்திருக்கும்.

இது நடக்கக்கூடியது என்பதற்குச் சான்று ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அது மாவட்ட அளவில் தொடங்கி மாநில அளவுக்குப் போகிறது. எந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. கலை, பொறியியல், மருத்துவம், மருந்தாளுமை மாணவர்கள் ஒரே மாவட்டத்துக்காரர்களாக எதிரெதிரே நிற்கலாம். ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை சில நாள்களில் முடியும் போட்டி. அதே மாவட்ட வரையறையை வைத்து, மழை குறைந்த மாதங்களில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் மைதானங்களில் வார இறுதி லீக் ஒன்றை நடத்துவதற்குப் புதிய சட்டமோ புதிய பல்கலைக்கழகமோ வேண்டியதில்லை. கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள் ஒன்றுகூடி அட்டவணை போட்டால் போதும்.

மதிப்பீடு

அமெரிக்க விமர்சகர்களின் எழுத்திலிருந்து தமிழ் விளையாட்டு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் பண மோகத்தை அல்ல, அதன் விடாப்பிடியைத்தான். ஒரு பல்கலைக்கழகம் எந்தக் கூட்டமைப்பில் இருக்கிறது என்பதை ஒரு பொதுப் பிரச்சினையாக அவர்கள் நடத்தினார்கள். ஆவணங்களைக் கேட்டார்கள், தொகைகளை வெளியிட்டார்கள். அவர்கள் தாமதமாகக் கேட்ட கேள்வியை இங்கே முதலிலேயே கேட்க முடியும். ஏனெனில் இங்கே ஒளிபரப்புப் பணம் கண்ணை மறைக்கவில்லை.

தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் கல்லூரிப் போட்டிச் செய்தி பெரும்பாலும் வென்ற அணியின் பெயரும் கோப்பையோடு ஒரு படமுமாக வருகிறது. எத்தனை அணிகள் வந்தன, எவை வரவில்லை, வராதவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்ற மூன்று விவரங்களைச் சேர்த்தாலே அது விமர்சனத்தின் தொடக்கமாகும். வாக்கோவர் என்று ஒற்றைச் சொல்லில் முடியும் ஆட்டங்களின் பின்னால், பேருந்து கிடைக்காத அணியோ அனுமதி கிடைக்காத மாணவியோ இருக்கக்கூடும்.

அடுத்த முறை ஒரு பல்கலைக்கழகம் பிரிக்கப்படும்போதோ சேர்க்கப்படும்போதோ, துணைவேந்தர் யார், தலைமையிடம் எந்த ஊர் என்ற விவாதம் வழக்கம்போல் நடக்கும். அதன் கீழ் வரும் கல்லூரிகளின் அணிகள் இனி யாரோடு ஆடும், எந்தச் சாலையில் போகும் என்பதையும் அந்த விவாதத்தில் சேர்ப்பது விளையாட்டு விமர்சகரின் வேலை. நீலகிரியில் அந்த வேலைக்குத் தேவையான தகவல்கள் ஒரு பேருந்துக் கால அட்டவணையிலும் கல்லூரிகளின் இணைப்புப் பட்டியலிலும் ஏற்கெனவே இருக்கின்றன.